உலகப் போர்களுக்குப் பிறகு நிலம் யார் யார் கைக்குப் போனது?

கேள்வி இதுதான்: "இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் வல்லரசுகள் எந்தெந்த நிலப்பகுதிகளைத் தம்முடன் இணைத்துக்கொண்டன? சோவியத் ஒன்றியம் மட்டும்தான் நிலம் பிடித்தது, மேற்கு நாடுகள் ஒன்றும் எடுக்கவில்லை என்கிறார்களே, சரியா? இன்னும் தீராத வழக்கு ஏதாவது உண்டா?"

அப்படிச் சொல்கிறவர்கள் பாதி உண்மையைச் சொல்கிறார்கள். இரண்டாம் போருக்குப் பிறகு பெரிய அளவில், ஒளிவுமறைவில்லாமல் அடுத்தவர் நிலத்தைத் தன் வரைபடத்தில் சேர்த்துக்கொண்ட வல்லரசு சோவியத் ஒன்றியம்தான். ஆனால் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா எல்லாம் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை. அவர்கள் எடுத்ததற்கு வேறு ஏற்பாடுகள், வேறு சட்டப் பெயர்கள் இருந்தன. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் போருக்கு முன்னால் இதில் யாருக்கும் கூச்சமே கிடையாது. 1871இல் ஜெர்மனி பிரான்சைத் தோற்கடித்தது, அல்சாஸ்-லொரேனை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். 1917–18இல்தான் நிலைமை மாறியது. ரஷ்யாவில் ஆட்சிக்கு வந்த கையோடு லெனின் வெளியிட்ட அமைதி ஆணை, நில இணைப்பு இல்லாத சமாதானம் வேண்டும் என்றது. 1918 ஜனவரியில் அமெரிக்க அதிபர் வில்சன் சமாதானத்துக்கான தன் பதினான்கு அம்சங்களை அறிவித்தார். போதாக்குறைக்கு, ஜார் அரசின் அலமாரியில் கிடந்த ரகசிய ஒப்பந்தங்களை எல்லாம் லெனினின் கட்சியினரான போல்ஷ்விக்குகள் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். துருக்கியை மையமாகக் கொண்ட ஒட்டோமான் பேரரசின் நிலத்தைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக்கொண்ட சைக்ஸ்-பிகோ ஒப்பந்தம் அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆக 1919இல் பாரிஸுக்கு வந்த வெற்றியாளர்களின் பையில் பழைய வாக்குறுதிகள் இருந்தன. ஆனால் அவற்றைப் பழைய பாணியில் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை.

அப்படியும் நேரடியாக எடுத்தவை உண்டு. பிரான்ஸ் அல்சாஸ்-லொரேனைத் திரும்பப் பெற்றது. வாக்கெடுப்பு நடத்தலாமா என்ற பேச்சையே அது ஏற்கவில்லை; எங்கள் நிலம் எங்களிடம் வந்தது, இதில் யாரைக் கேட்பது என்பது அதன் வாதம். பிரிட்டன் 1878 முதல் நிர்வகித்துவந்த சைப்ரஸை, ஒட்டோமான் அரசு எதிர்ப்பக்கம் போரில் இறங்கியதும் 1914 நவம்பரிலேயே இணைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே, நம் பக்கம் போருக்கு வந்தால் சைப்ரஸைத் தருகிறோம் என்று கிரேக்கத்திடம் பேரம் பேசியதும் நடந்தது. கிரேக்கம் அப்போது வரவில்லை. 1923 லோசான் உடன்படிக்கை அந்த இணைப்பை உறுதி செய்தது.

இத்தாலிக்கு 1915 லண்டன் ஒப்பந்தத்தில் வாக்களித்தபடி டிரெண்டினோ, டிரியெஸ்ட், இஸ்திரியா, தெற்கு டிரோல் கிடைத்தன. இதில் தெற்கு டிரோல் மட்டும் தொண்டையில் சிக்கும் விஷயம். இத்தாலியின் எல்லை இன அடிப்படையில் தெளிவாக அமைய வேண்டும் என்று வில்சனே தன் பதினான்கில் ஒன்றாகச் சொல்லியிருந்தார். தெற்கு டிரோலில் பெரும்பான்மையோர் ஜெர்மன் பேசுகிறவர்கள். பிரென்னர் கணவாய் வரை மலை எல்லை வேண்டும் என்று இத்தாலி கேட்டது, அவரும் விட்டுக்கொடுத்தார். முசோலினி வந்த பிறகு பள்ளிகளில் ஜெர்மன் மொழியை நிறுத்தினார்கள். ஊர்ப் பெயர்கள் இத்தாலிய மயமாயின: போட்சன் போல்சானோ ஆனது, ஸ்டெர்ட்சிங் விபிதேனோ ஆனது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி எழுத்து சொல்லிக்கொடுக்க, வீடுகளிலும் களஞ்சியங்களிலும் ஒளித்துப் பள்ளி நடத்தினார்கள்.

மக்களைக் கேட்டுத்தான் எடுத்தோம் என்று காட்ட நடந்த கூத்தும் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஓய்ப்பன், மால்மெடி பகுதிகளை வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை பெல்ஜியத்துக்குத் தந்தது. எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று ஒரு விதியும் வைத்தது. பெட்டி, சீட்டு எதுவும் கிடையாது. பெல்ஜிய நிர்வாகம் திறந்துவைத்திருக்கும் பதிவேட்டில் போய், 'நான் இதை எதிர்க்கிறேன்' என்று சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். ரேஷன் போய்விடும், ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு. 1920இல் உரிமையுள்ள 33,726 பேரில் கையெழுத்திட்டவர்கள் 271 பேர். ஐ.நா.வுக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஷ்லெஸ்விக்கில் முறையான ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. வடக்குப் பகுதி டென்மார்க்குக்குப் போட்டது, நடுப்பகுதி ஜெர்மனியோடு இருக்கிறேன் என்றது. அன்று வரைந்த எல்லை இன்றுவரை அப்படியே நிற்கிறது. ஆக, அந்தக் காலத்திலேயே ஒழுங்காகக் கேட்கத் தெரியாமல் இல்லை.

சரி, ஐரோப்பாவுக்கு வெளியே? ஜெர்மன் காலனிகளும் ஒட்டோமானின் அரபு நிலங்களும் இருந்தன. அவற்றைக் கைப்பற்றி வைத்திருந்தவர்கள் திருப்பித் தரும் மனநிலையில் இல்லை. ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ் நியூகினியை நேரடியாக இணைத்தே தீருவேன் என்று வில்சனோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் முதலானோர் ஒரு சமரசம் கண்டார்கள். அதுதான் மேண்டேட் முறை. பன்னாட்டுச் சங்க சாசனத்தின் 22ஆவது பிரிவு சொன்னது இது: சொந்தக் காலில் நிற்க இன்னும் முடியாத மக்களின் நலன் நாகரிக உலகின் புனிதப் பொறுப்பு, அதை முன்னேறிய நாடுகள் சங்கத்தின் சார்பில் சுமக்கும். இதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. ஈராக்கும் பாலஸ்தீனமும் பிரிட்டனுக்கு, சிரியாவும் லெபனானும் பிரான்சுக்கு. இவை ஏ வகுப்பு, சீக்கிரம் விடுதலையாக வேண்டியவை. டாங்கனிகா, ருவாண்டா-உருண்டி, பங்கு போட்ட கேமரூன், டோகோ எல்லாம் பி. சி வகுப்பில் போட்டவற்றை, பொறுப்பேற்ற நாடு தன் நிலத்தின் பிரிக்க முடியாத பகுதியைப் போலத் தன் சட்டப்படியே ஆளலாம். இணைப்புக்கும் இதற்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்? ஆண்டுக்கு ஒரு முறை ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஏ வகுப்பிலும் விருப்பம் கேட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டமாஸ்கஸில் அரசராக அறிவிக்கப்பட்ட ஃபைசலின் சிறு படையை 1920 ஜூலையில் மைசலூனில் பிரெஞ்சு ராணுவம் அடித்து நொறுக்கித்தான் சிரியாவுக்குள் போனது. அதே ஆண்டு ஈராக்கில் வெடித்த கிளர்ச்சியைப் பிரிட்டன் ஒடுக்கியது. அங்கே சண்டையிட அனுப்பப்பட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். நம் ஊர் வரலாற்றுப் புத்தகங்களில் இது அவ்வளவாக வருவதில்லை.

சி வகுப்பு எப்படி வேலை செய்தது என்று பார்க்க நவூருவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. முழுக்கப் பாஸ்பேட், அதாவது உரத்துக்கான மூலப்பொருள். சங்கம் மேண்டேட் வழங்கியது 1920 டிசம்பரில். ஆனால் 1919 ஜூலையிலேயே பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, சுரங்க நிறுவனத்தை விலைக்கு வாங்கவும், தோண்டியதைப் பங்கிடவும் ஏற்பாடு செய்துவிட்டன. பாஸ்பேட் அந்த மூன்று நாட்டு விவசாயிகளுக்குச் சந்தை விலைக்கும் குறைவாகப் போனது. தீவுக்காரர்களுக்குச் சொற்ப ராயல்டி. நவூரு 1968இல் விடுதலை அடைந்தபோது நடுமேடு கணிசமாகத் தோண்டப்பட்டு, கூரிய சுண்ணாம்புப் பாறைகள் துருத்திக்கொண்டிருந்தன. 1989இல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1993இல் ஆஸ்திரேலியா 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் தர ஒப்புக்கொண்டு, நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டது. தனிப்பட்ட முறையில் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த வழக்குதான். நேரடி இணைப்பாக இருந்திருந்தால் அப்படி ஒரு வழக்குக்கே இடமிருந்திருக்காது.

தென்மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதேதான். தென்னாப்பிரிக்கா 1946இல் அதை முழுசாக இணைத்துக்கொள்ள ஐ.நா.விடம் அனுமதி கேட்டது, பொதுச்சபை மறுத்தது. மறுத்தும் விடவில்லை. வழக்கு, தீர்மானம், போர் எல்லாம் கடந்து 1990இல்தான் நமீபியா பிறந்தது. ஜப்பானோ பன்னாட்டுச் சங்கத்தைவிட்டே வெளியேறிய பிறகும், சங்கம் தந்த பசிபிக் தீவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கேட்பார் இல்லை.

இனி இரண்டாம் போர். 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம், எங்களுக்கு நில ஆசை இல்லை, மக்கள் விருப்பமில்லாமல் எல்லை மாறக் கூடாது என்றது. அடுத்த மாதமே மாஸ்கோவும் அதை ஏற்றது. ஆனால் ஸ்டாலின் அதற்கு முன்பே நிறைய எடுத்துவிட்டிருந்தார். ஹிட்லரின் ஜெர்மனியோடு போட்ட 1939 ஆகஸ்ட் 23 மொலொட்டோவ்-ரிப்பன்ட்ராப் ஒப்பந்தத்தின் ரகசியப் பின்னிணைப்புப்படி கிழக்குப் போலந்து. 1940இல் பின்லாந்திடமிருந்து கரேலியா, ருமேனியாவிடமிருந்து பெஸ்ஸரேபியாவும் வடக்கு புகோவினாவும். பிறகு எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் முழுசாக. ஒரே பட்டியல் வேட்பாளர்களை வைத்துத் தேர்தல் நடத்தி, அந்தச் சபைகளே எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தது போல ஏற்பாடு. அப்புறம் 1944இல் மங்கோலியாவை ஒட்டிய துவா, பின்லாந்தின் பெட்சாமோ; 1945இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கிழக்கு முனையான டிரான்ஸ்கார்பதியா. ரகசியப் பின்னிணைப்பு என்று ஒன்று இருந்ததையே 1989 டிசம்பர் வரை மாஸ்கோ ஒப்புக்கொள்ளவில்லை.

பால்டிக் இணைப்பை அமெரிக்கா 1940 ஜூலையிலேயே ஏற்க மறுத்தது, கடைசிவரை ஏற்கவும் இல்லை. நாடே இல்லாத மூன்று நாடுகளின் தூதரக அலுவலகங்கள் அமெரிக்காவில் 1991 வரை இயங்கின. பிரிட்டன் இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருக்கவில்லை. தன்னிடம் இருந்த பால்டிக் நாடுகளின் தங்கத்தை 1967இல் விற்று, சோவியத்துடனான கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அந்த நாடுகள் மீண்டும் பிறந்த பிறகு அதே அளவு தங்கத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

சோவியத் எடுத்ததிலேயே முற்றிலும் தலைகீழான இடம் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க். தத்துவவாதி கான்ட் பிறந்து, வாழ்ந்து, இறந்த ஊர். ஏழு பாலங்களையும் ஒரே நடையில், எதையும் இரு முறை மிதிக்காமல் கடக்க முடியுமா என்று ஆய்லர் கணக்குப் போட்டாரே, அந்த ஊரும் இதுதான். உறையாத துறைமுகம் வேண்டும் என்று சொல்லி 1943 டெஹ்ரான் மாநாட்டிலேயே ஸ்டாலின் இதைக் கேட்டார். 1940இல் அவர் இணைத்துக்கொண்ட லாட்வியாவிலேயே லியெபாயா, வென்ட்ஸ்பில்ஸ் போன்ற உறையாத துறைமுகங்கள் இருந்ததால், அந்தக் காரணத்தை அப்படியே நம்புவது கஷ்டம். 1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் நகரின் நடுப்பகுதியை எரித்தன, 1945 ஏப்ரல் 9 அன்று நகரம் சரணடைந்தது. இறுதி சமாதான ஏற்பாடு வரும்வரை என்ற நிபந்தனையோடு 1945 பாட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் தலையாட்டின.

பிறகு நடந்ததுதான் முக்கியம். 1946 ஜூனில் மிகயீல் காலினின் என்ற சோவியத் தலைவர் இறந்தார். அடுத்த மாதமே ஊர் காலினின்கிராட் ஆனது. அவருக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டில்சிட் சோவெட்ஸ்க் ஆனது, பில்லாவ் பால்டிஸ்க் ஆனது. பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக எஞ்சிய ஜெர்மானியர்களை 1947–48இல் ரயிலேற்றி அனுப்பினார்கள். அனாதையான பிள்ளைகள் பலர் சாப்பாடு தேடி எல்லை தாண்டி லிதுவேனியக் கிராமங்களுக்குப் போய், பெயரை மாற்றிக்கொண்டு பண்ணைகளில் வளர்ந்தார்கள். ரஷ்யா, பெலாரூஸ், உக்ரைன் பகுதிகளிலிருந்து புதியவர்கள் வந்து குடியேறினார்கள். குண்டுவீச்சில் சிதைந்து நின்ற கோட்டையை 1960களின் இறுதியில் இடித்துத் தள்ளினார்கள். பேராலயச் சுவரை ஒட்டிய கான்ட்டின் கல்லறையை மட்டும் விட்டுவைத்தார்கள். தெற்கு டிரோலில் ஆட்களை வைத்துக்கொண்டு பெயரை மாற்றினார்கள். இங்கே ஆட்களையும் சேர்த்து மாற்றினார்கள். இதனால்தான் 1991இல் சோவியத் உடைந்தபோது எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் பிரிந்துபோக, லிதுவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவே கிடந்த காலினின்கிராட் ரஷ்யாவோடேயே இருந்துவிட்டது. திரும்பக் கேட்க அந்த மண்ணில் யாரும் இல்லை.

போலந்துக்கு நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். கிழக்கே சுமார் 1,80,000 சதுர கிலோமீட்டரை சோவியத்திடம் இழந்தது, மேற்கே ஜெர்மனியிடமிருந்து சுமார் 1,00,000 பெற்றது. நாட்டையே பெயர்த்து மேற்கே நகர்த்தி வைத்தார்கள். சோவியத்திடம் போன லுவோவில் இருந்த போலிஷ் மக்களில் பலர், ஜெர்மானியர்கள் காலி செய்த பிரெஸ்லாவுக்குப் போனார்கள். ஊர் விரோட்ஸ்வாஃப் ஆனது. லுவோவின் புகழ்பெற்ற ஒசோலினியம் நூலகத்தின் ஒரு பகுதியும் அவர்கள் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. கிழக்கு ஐரோப்பா முழுவதும் ஓடியும் விரட்டப்பட்டும் வெளியேறிய ஜெர்மானியர்கள் சுமார் 1.2 கோடி. ஒன்றுபட்ட ஜெர்மனி இந்த எல்லையை இறுதியாக ஏற்றுக் கையெழுத்திட்டது 1990இல்தான்.

அமெரிக்கா விஷயத்துக்கு வருவோம். ஜப்பானிடமிருந்து ரத்தம் சிந்திப் பிடித்த பசிபிக் தீவுகளை நேரடியாக இணைக்க வேண்டும் என்றது கடற்படை. அட்லாண்டிக் சாசனத்தைப் பேசிவிட்டு எப்படிச் சேர்த்துக்கொள்வது என்றது வெளியுறவுத் துறை. 1947இல் ஒரு நடுவழி கண்டார்கள்: பழைய மேண்டேட் முறையின் வாரிசான ஐ.நா.வின் பொறுப்பாட்சி, ஆனால் 'ராணுவ முக்கியத்துவம் வாய்ந்த' பகுதி. மற்றப் பொறுப்பாட்சிப் பகுதிகள் பொதுச்சபைக்குக் கீழே வரும். இது மட்டும் பாதுகாப்புச் சபைக்குக் கீழே. அங்கே அமெரிக்காவிடம் வீட்டோ இருக்கிறது. இப்படி ஓர் ஏற்பாடு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை.

மார்ஷல் தீவுகளின் பிகினியில் 1946இலேயே 167 பேரை, மனிதகுல நன்மைக்கு என்று சொல்லிக் கப்பலேற்றி ரொங்கெரிக் தீவில் இறக்கினார்கள். அங்கே மீனும் தேங்காயும் போதாமல் பட்டினி கிடந்தார்கள். 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுச் சோதனைகள், அதில் 23 பிகினியில். 1954 மார்ச் 1 பிராவோ குண்டு மட்டும் 15 மெகாடன். அதன் சாம்பல் ரொங்கெலாப் தீவு மக்கள் மேலும் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் மேலும் விழுந்தது. அந்த வருடமே மார்ஷல் தீவினர் சோதனையை நிறுத்தச் சொல்லி ஐ.நா.வுக்கு மனு அனுப்பினார்கள். சோதனை இன்னும் நான்கு வருடம் நடந்தது. இங்கே இணைப்பு நடக்கவில்லை என்று சட்டப்படி சொல்லலாம். பிகினிக்காரரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

அதே பொறுப்பாட்சியில்தான் மறுபக்கமும் இருக்கிறது. மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, பலாவு மூன்றும் பின்னாளில் தனிநாடுகளாகி ஐ.நா.வில் உட்கார்ந்தன. வடக்கு மரியானா மட்டும் 1975 வாக்கெடுப்பில் அமெரிக்காவோடு சேர முடிவு செய்தது. ஹிரோஷிமாவுக்கு விமானம் கிளம்பிய தினியன் தீவு அங்கேதான் இருக்கிறது. ஒகினாவாவை 1972இல் ஜப்பானிடம் திருப்பித் தந்தார்கள், தளங்களை வைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டன் சாம்ராஜ்யத்தைக் கலைத்துக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாக ஒரு காலனியும் வாங்கியது. மலேசிய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நூறு வருடமாக ஆங்கிலேய புரூக் குடும்பம் ஆண்ட சரவாக்கை 1946 ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் அரசு ஏற்றது. உள்ளூர்ச் சபையில் அது நூலிழையில்தான் நிறைவேறியது, அதுவும் ஐரோப்பிய உறுப்பினர்களின் வாக்குகளோடு. எதிர்த்து 338 அரசு ஊழியர்கள் வேலையை விட்டார்கள். 1949 டிசம்பரில் சிபு நகருக்கு வந்த ஆளுநர் டங்கன் ஸ்டூவர்ட்டை ரோஸ்லி டோபி என்ற பதின்வயது இளைஞர் கத்தியால் குத்தினார். ஆளுநர் சில நாளில் இறந்தார், ரோஸ்லியைத் தூக்கிலிட்டார்கள்.

பிரான்ஸ் 1947இல் இத்தாலியிடமிருந்து டெண்டா, பிரிகா என்ற இரண்டு மலை ஊர்களை எடுத்தது, வாக்கெடுப்பும் நடத்தியது. சார் என்ற பகுதியை ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தன் பொருளாதாரத்தோடு கட்டிப்போட்டது. 1955இல் சார் மக்கள் தனி அந்தஸ்து வேண்டாம் என்று வாக்களிக்க, 1957இல் அது ஜெர்மனிக்குப் போனது. நெதர்லாந்து வல்லரசு இல்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை: 1949இல் எல்டன் என்ற ஜெர்மன் எல்லை ஊரை எடுத்தது, 1963 ஆகஸ்ட் 1 அன்று திருப்பித் தந்தது. முந்தைய இரவு வியாபாரிகள் வெண்ணெயும் காபியும் ஏற்றிய லாரிகளை ஊருக்குள் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிட்டார்கள். நள்ளிரவில் எல்லை லாரிகளைத் தாண்டிப் போனது. ஒரு காசு சுங்கம் கட்டாமல் சரக்கு ஜெர்மனியில்!

தீராத வழக்கு என்றால் ஜப்பானுக்கு வடக்கே உள்ள குரில் தீவுகள்தான். 1945 பிப்ரவரி யால்டா மாநாட்டில், ஜப்பான் மீது போர் தொடுப்பதற்குக் கூலியாக தெற்கு சகாலினும் குரிலும் தருவதாக ஸ்டாலினுக்குச் சொன்னார்கள். ஜப்பான் சரணடைவதாக அறிவித்த பிறகுதான், 1945 ஆகஸ்ட் 18 அன்று, சோவியத் படை வடகோடியில் இறங்கியது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் தென்கோடித் தீவுகளும் போயின. அங்கிருந்த சுமார் 17,000 ஜப்பானியர் பிறகு வெளியேற்றப்பட்டார்கள். எதுரோப்பு, குனாஷிரி, ஷிகோதான், ஹபோமாய் நான்கும் குரிலில் சேராது என்பது டோக்கியோவின் வாதம். 1956இல், சமாதான ஒப்பந்தம் ஆனதும் கடைசி இரண்டையும் தருவதாக மாஸ்கோ எழுதிக்கொடுத்தது. அந்த ஒப்பந்தம் ஆகவே இல்லை. 2020இல் ரஷ்யா, நிலத்தை விட்டுக்கொடுப்பதற்குத் தடை என்று தன் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்டது. 2022 மார்ச்சில், உக்ரைன் போரை ஒட்டி ஜப்பான் விதித்த தடைகளைக் காரணம் காட்டிப் பேச்சுவார்த்தையையும் நிறுத்திவிட்டது.